விசைப்பலகையைப் பிடுங்காத சந்திப்பு

கோலாலம்பூரில் பார்வையற்றோருக்கென்று நடத்தப்படும் நிகழ்ச்சிகளுக்குப் பஞ்சமில்லை. மேடை இருக்கும், வரவேற்புரை இருக்கும், அரிசி மூட்டையும் எண்ணெய்ப் போத்தலும் கொண்ட அன்பளிப்புப் பை இருக்கும். கொடுப்பவர் படமெடுத்து முடிக்கும்வரை வாங்குபவர் அந்தப் பையைப் பிடித்தபடி நிற்க வேண்டியும் இருக்கும். பிரிக்பீல்ட்ஸில் தன்னார்வலர்கள் சிலர் மாதம் ஒருமுறை சனிக்கிழமை பிற்பகலில் நடத்திவரும் கணினிச் சந்திப்பு அந்த வகையைச் சேர்ந்ததன்று. தனக்கென ஒரு பெயரைக்கூட இன்னும் சூட்டிக்கொள்ளாத இந்தக் குழுவில் பார்வையுள்ளவர்களும் பார்வையற்றவர்களும் கலந்தே இருக்கிறார்கள். திரையில் உள்ளதைக் குரலில் வாசித்துக்காட்டும் மென்பொருளான திரைவாசிப்பானைக் கொண்டு கணினியைப் பயன்படுத்துவோர், பயன்படுத்தக் கற்றுக்கொள்ள விரும்புவோர், முயன்று பார்த்துச் சலித்துப் பாதியில் விட்டவர்கள் என எல்லாத் தரப்பினரும் அங்கே வருகிறார்கள். பிறவியிலேயே பார்வையில்லாதவனாகவும், திரைவாசிப்பானின் துணையுடன் அலுவலக வேலை பார்த்துவருபவனாகவும் இருக்கும் நான், அங்கே சில நேரம் கற்றும் சில நேரம் கற்றுக்கொடுத்தும் அறிந்தவற்றை வைத்து இந்த மதிப்புரையை எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: குறைகள் இருக்கின்றன, ஆனாலும் போகலாம், போக வேண்டும்.

அறிவிப்பிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் பெரும்பாலான நிகழ்ச்சிகள் அங்கேயே நம்மை இழந்துவிடுகின்றன. பார்வையற்றோருக்கான நிகழ்ச்சி என்று பெரிய எழுத்தில் போட்ட வண்ணச் சுவரொட்டியை வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். அது நம் கைப்பேசிக்கு வெறும் படம், அதில் நாளும் நேரமும் இடமும் எங்கே இருக்கின்றன என்று யாரையாவது கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தக் குழு மலாயிலும் ஆங்கிலத்திலும் அறிவிப்பை வெறும் எழுத்தாக அனுப்புகிறது. முதல் வரியிலேயே நாள், இரண்டாம் வரியில் இடம், பிறகுதான் மற்றவை. தமிழ் அறிவிப்பை மட்டும் யாரோ அழகாக வடிவமைத்துப் படமாகவே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பலரும் சொன்ன பிறகு அதையும் எழுத்தாக மாற்றினார்கள் என்றாலும், இடையிடையே அந்த அழகுணர்ச்சி தலைதூக்கத்தான் செய்கிறது. பதிவு செய்யும் இணையப் படிவத்தில் ஆரம்பத்தில் போக்குவரத்து விளக்குகள் உள்ள கட்டங்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் சோதனை ஒன்று இருந்தது. பார்வையற்றோர் நிகழ்ச்சிக்கு வரும் பார்வையற்றவர் தாம் இயந்திரம் அல்லர் என்பதைக் கண்ணால் நிரூபிக்க வேண்டிய அந்த வேடிக்கை இப்போது இல்லை. படிவம் வேண்டாம் என்பவர்கள் குரல் செய்தி அனுப்பினாலும் பெயரைச் சேர்த்துக்கொள்கிறார்கள்.

இடத் தேர்வு நன்று. 1951-இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் பிரிக்பீல்ட்ஸில்தான் இருக்கிறது என்பதால், இந்த வட்டாரத்தின் கடைக்காரர்களுக்கும் வாடகைக் கார் ஓட்டுநர்களுக்கும் வெள்ளைக் கோல் புதிதன்று. சாலையைக் கடக்க நிற்பவரின் கையைப் பிடித்து இழுக்காமல், எங்கே போக வேண்டும் என்று கேட்பவர்கள் இங்கே மிகுதி. இங்குள்ள ரயில் மையமான கேஎல் சென்ட்ரலுக்கு எல்ஆர்டி எனும் இலகு ரயில், கம்யூட்டர் ரயில் எதிலும் வந்துசேரலாம். 2003-இல் மோனோரயில் ஓடத் தொடங்கியபோது அதன் நிலையம் சென்ட்ரலுடன் இணைக்கப்படாமல் சாலைக்கு அப்பால் நின்றது. 2014-இல் நூ சென்ட்ரல் பேரங்காடி திறக்கப்பட்ட பிறகுதான் மழையில் நனையாமல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக முடிந்தது. ஆனால் பேரங்காடியின் உட்புறம் நமக்கு ஒரு தனிச் சோதனை: எல்லாத் திசையிலும் ஒரே இசை, ஒரே குளிர், ஒரே வழவழப்பான தரை. இதை உணர்ந்து, தன்னார்வலர் இருவர் எல்ஆர்டி வெளிவாயிலருகே குறிப்பிட்ட நேரம்வரை நின்று, வருபவர்களைச் சிறு குழுக்களாக அழைத்துச் செல்கிறார்கள். நேரம் தப்பினால் சொந்தப் பாடுதான். நடைபாதையில் மஞ்சள் வழிகாட்டிக் கற்கள் பதிக்கப்பட்டிருப்பது உண்மை. அவற்றின்மேல் மோட்டார் சைக்கிள்களும் பூமாலைக் கடைகளின் வாளிகளும் வைக்கப்பட்டிருப்பதும் அதே அளவுக்கு உண்மை. சனிக்கிழமை பிற்பகலில் ஜாலான் துன் சம்பந்தனில் கோலைத் தட்டி நடந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

கூட்டம் நடக்கும் இடம் ஒரு கடைவீட்டின் மாடியில் உள்ள சிறு மண்டபம். இங்கேதான் ஏற்பாட்டாளர்களின் அனுபவமின்மை முதலில் வெளிப்பட்டது என்று நினைக்கிறேன். பார்வையுள்ளவர்களின் கணினி வகுப்பு அமைதியாக இருக்கும். நம்முடைய வகுப்பு பேசும். ஒரே அறையில் பதினைந்து மடிக்கணினிகள் வெவ்வேறு வேகத்தில், மூன்று மொழிகளில், ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினால் யாருக்கும் எதுவும் கேட்காது. ஓடு பதித்த தரையும் வெற்றுச் சுவரும் அந்த இரைச்சலை இரட்டிப்பாக்கின. இப்போது ஒவ்வொருவரும் ஒரு காதில் மட்டும் காதொலிப்பான் அணிய வேண்டும் என்றும், மற்றொரு காது சொல்லித்தருபவருக்கு உரியது என்றும் விதி செய்திருக்கிறார்கள். ஒரே ஒலியை இருவர் கேட்கும்படி பிரிக்கும் சிறு கம்பிகள் சில வாங்கி வைத்திருக்கிறார்கள். மலிவானவைதாம், ஆனால் கற்பவர் கேட்பதையே கற்பிப்பவரும் கேட்பதால் பாதி விளக்கம் மிச்சமாகிறது. மின்கம்பி நீட்டிப்புகளைச் சுவரோரமாகத் தரையில் நாடாவால் ஒட்டிவிடுகிறார்கள். மேசைகள் ஒவ்வொரு மாதமும் ஒரே அமைப்பில் போடப்படுகின்றன. கழிவறைக்குப் போகும் வழியும் அதனால் மாறுவதில்லை. பேசத் தொடங்குபவர் முதலில் தம் பெயரைச் சொல்ல வேண்டும் என்ற வழக்கம் மட்டும், வாதம் சூடுபிடித்துவிட்டால் காற்றில் பறந்துவிடுகிறது.

இந்தச் சந்திப்பின் உயிர்நாடி ஒரே ஒரு விதி: கற்பவரின் விசைப்பலகையை வேறு யாரும் தொடக்கூடாது. கேட்பதற்கு எளியது, கடைப்பிடிப்பதற்குக் கடினமானது. கணினி வகுப்புகளில் எனக்குப் பழகிப்போன அனுபவம் என்னவென்றால், நாம் எங்கேயாவது சிக்கிக்கொண்டால் பக்கத்தில் இருப்பவர் பொறுமையிழந்து, குறுக்கே கையை நீட்டி, எதையோ இரண்டு மூன்று தடவை அழுத்தி, ‘ஆயிற்று’ என்பார். என்ன ஆயிற்று, எப்படி ஆயிற்று என்பது நமக்குத் தெரியாது. வீட்டில் அதே சிக்கல் வரும்போது அந்தக் கை பக்கத்தில் இருக்காது.

ஒரு பெரியவரின் பாடத்தைப் பக்கத்து இருக்கையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பணி ஓய்வு பெற்ற பிறகு நீரிழிவால் பார்வையை இழந்தவர். என்விடிஏ திரைவாசிப்பானைத் தொடங்கி, இணையப் படிவம் ஒன்றில் தம் பெயரை நிரப்ப முயன்றார். கீழ்நோக்கிய அம்புக்குறி விசையை அழுத்தி அழுத்தி, ‘பெயர், உள்ளிடும் பெட்டி’ என்று குரல் சொன்ன இடத்திற்கு வந்து, தட்டச்சு செய்யத் தொடங்கினார். பெட்டியில் பெயர் ஏறவில்லை. ஒவ்வோர் எழுத்துக்கும் குரல் வேறு எங்கெங்கோ ஓடியது. கே எழுத்தை அழுத்தினால் ஏதோ ஓர் இணைப்பு, பி எழுத்தை அழுத்தினால் ஏதோ ஒரு பொத்தான், எச் எழுத்தை அழுத்தினால் பக்கத்தின் தலைப்பு. “தம்பி, இது கெட்டுப்போச்சு போல, நீயே கொஞ்சம் பாரேன்” என்றார். அவருக்குச் சொல்லித்தந்த இளைஞர் நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாரே தவிர, கையை நீட்டவில்லை. “கெடலை அங்கிள். பி அழுத்தினப்போ என்ன சொல்லிச்சு?” என்று கேட்டார். “பட்டன்னு சொல்லிச்சு.” “கே அழுத்தினா?” “லிங்க்.” “அப்போ அது உங்க எழுத்தை எழுத்தா எடுத்துக்கலை, கட்டளையா எடுத்துக்குது. இன்செர்ட்டைப் பிடிச்சுக்கிட்டு ஸ்பேஸ் அழுத்துங்க.” டக்கென்று ஒரு சிறு ஒலி கேட்டது. அதன் பிறகு அவர் பெயர் எழுத்தெழுத்தாக ஏறியது.

என்விடிஏ இணையப் பக்கங்களை இரண்டு நிலைகளில் கையாளுகிறது: ஒன்றில் நாம் பக்கத்தை உலாவுகிறோம், மற்றொன்றில் பெட்டிக்குள் எழுதுகிறோம். டேப் விசையால் பெட்டிக்கு வந்தால் அது தானாகவே எழுதும் நிலைக்கு மாறிக்கொள்ளும். அம்புக்குறியால் வந்தால், நாமாக மாற்றிவைக்காதவரை மாறாது. புதியவர்கள் இந்த இடத்தில்தான் மனமுடைந்து கணினியை மூடிவைக்கிறார்கள் என்பதைச் சொல்லித்தருபவர் அறிந்திருந்தார். அவரே அழுத்திக் காட்டியிருந்தால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும் வேலைக்குக் கால் மணி நேரம் ஆனது. ஆனால் அடுத்த படிவத்தைப் பெரியவர் தாமாகவே நிரப்பினார். அவருக்கு முதல் பாடமாகவே உள்ளீட்டு உதவி நிலையைக் காட்டிக்கொடுத்திருந்ததையும் குறிப்பிட வேண்டும்: இன்செர்ட்டுடன் 1 என்ற எண்ணை அழுத்திவிட்டால், பிறகு எந்த விசையைத் தொட்டாலும் அதன் பெயரையும் பயனையும் குரல் சொல்லும், எதுவும் நிகழ்ந்துவிடாது. விரல்களுக்குப் பயம் தெளிய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

என்விடிஏயைத் தங்கள் அடிப்படைக் கருவியாக வைத்துக்கொண்டதும் சரியான முடிவே. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த, தாமும் பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006-இல் எழுதத் தொடங்கிய மென்பொருள் அது. பின்னர் ஜேம்ஸ் டேயும் சேர்ந்துகொண்டார். பார்வையுள்ளவர் கணினி வாங்கினால் அப்படியே பயன்படுத்தலாம், பார்வையற்றவர் மட்டும் அதற்குமேல் இன்னொரு கணினியின் விலையைக் கொடுத்துத் திரைவாசிப்பான் வாங்க வேண்டும் என்ற நிலையை மாற்றவே அது இலவசமாகவும் திறமூலமாகவும் வெளியிடப்பட்டது. 1989-இல் டாஸ் காலத்திலேயே அறிமுகமான ஜாஸ் என்ற கட்டணத் திரைவாசிப்பான் இன்றும் வலுவான கருவிதான். சில அலுவலகங்கள் அதையே வாங்கிக்கொடுக்கின்றன. ஆனால் உரிமம் இல்லாமல் அதை நாற்பது நிமிடம்தான் ஓட்டலாம், பிறகு கணினியை மறுபடி தொடங்க வேண்டும். ஒரு பாடம் சூடுபிடிக்கும் நேரத்தில் வாய் மூடிக்கொள்ளும் ஆசிரியரை வைத்துக்கொண்டு வகுப்பு நடத்த முடியாது. என்விடிஏயை ஒரு சிறு யுஎஸ்பி விரலியிலிருந்தே நிறுவாமல் இயக்கலாம் என்பதால், சொந்த மடிக்கணினி இல்லாதவர்கள் அங்குள்ள இரவல் கணினியில் தங்கள் குரலையும் வேகத்தையும் அமைத்து, அதை விரலியிலேயே வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள்.

தமிழர்களாகிய நம்மைப் பொறுத்தவரையில் இந்தச் சந்திப்பின் பெரும் பயனும் பெருங்குறையும் ஒரே இடத்தில் இருக்கின்றன. அங்கே வரும் தமிழ்ப் பார்வையற்றவர்களில் பலர் பள்ளியில் மலாய், ஆங்கில பிரெய்லில் படித்தவர்கள். தமிழுக்கும் அதே ஆறு புள்ளிகளில் அமைந்த பாரதி பிரெய்ல் உண்டு என்றாலும், அதைத் தொட்டுப் படித்தவர்கள் அவர்களுள் மிகச் சிலர். வீட்டில் நாள் முழுவதும் தமிழ் பேசுகிறவர்கள், தமிழைத் தாமாக ஒரு வரியும் வாசித்ததில்லை. அவர்களுக்கு ஒரு தமிழ்க் குரல் செய்தித்தளத்தின் தலைப்புகளை வாசித்துக்காட்டும் அந்த வேளை, வெறும் மென்பொருள் அமைப்பு அன்று.

குரல்கள் இரண்டு வகை. என்விடிஏயுடனேயே வரும் இஸ்பீக் என்ற குரல் தமிழ் பேசும். இயந்திரத்தனமான, மூக்கால் பேசுவது போன்ற குரல், ஆனால் எவ்வளவு விரைவாக ஓட்டினாலும் தெளிவு குலையாது. விண்டோஸில் தமிழ் மொழித்தொகுப்பைச் சேர்த்தால் வள்ளுவர் என்ற பெயரில் ஒரு குரல் கிடைக்கும். மனிதக் குரலுக்கு நெருக்கமானது, புதியவர்கள் அதையே விரும்புகிறார்கள். பெரியவர்களுக்கு முதலில் வள்ளுவரையும், வேகம் பழகிய பிறகு இஸ்பீக்கையும் கொடுப்பது என்ற அவர்களுடைய முறையை நான் ஏற்கிறேன். எந்தக் குரலாக இருந்தாலும் நம் ஊர்ப் பெயர்களில் தடுக்கி விழும் என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். பங்சாரும் (B) பூச்சோங்கும் (P) ஒரே மாதிரியாகத் தொடங்கும். வரிவடிவத்தில் இல்லாத ஒலி வேறுபாட்டைக் குரல் எங்கிருந்து கொண்டுவரும்?

எழுதுவதில் இதற்கு நேர்மாறான சிக்கல். ந, ன இரண்டும் காதுக்கு ஒன்றாகவே விழுகின்றன. ர, ற இரண்டும் பலர் வாயில் ஒன்றுதான். காதால் மட்டும் தமிழறிந்தவர் எதை அழுத்துவது என்று திகைத்து நிற்பார். இங்கே தமிழ்99 விசைப்பலகையைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். மலேசியரான முத்து நெடுமாறனின் தமிழ்த் தட்டச்சு மென்பொருளான முரசு அஞ்சலில் பழகிய நமக்கு, ஆங்கில ஒலிப்படி தட்டும் அஞ்சல் முறையே இயல்பாகத் தோன்றும். விண்டோஸில் இப்போது இரண்டுமே உண்டு. ஆனால் முதன்முறையாகத் தமிழ் எழுதப் பழகும் பார்வையற்றவருக்குத் தமிழ்99-தான் பொருத்தம் என்று அங்கே கண்டபின் ஒப்புக்கொண்டேன். உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில். எஃப் விசையிலும் ஜே விசையிலும் உள்ள சிறு மேடுகளைத் தடவிக் கையை வைத்தால், இடப்பக்க மேட்டில் ஆய்தம், வலப்பக்க மேட்டில் ப. ந வலது சுண்டுவிரலுக்கடியில். ன, ண இரண்டும் மேல்வரிசையில் தனித்தனி இடங்களில். காது பிரிக்காததை விரல் பிரிக்கிறது. முப்பது வயதைக் கடந்த ஒரு பெண்மணி தம் பெயரில் வருவது ற அன்று, ர என்பதை இப்படித்தான் அறிந்துகொண்டார். பிறப்புச் சான்றிதழில் இருப்பது ரோமன் எழுத்து என்பதால் அவருக்கு அது தெரியவேண்டிய தேவையே வந்திருக்கவில்லை.

இத்தனையும் கற்றுக்கொண்டு வாசிக்க உட்கார்ந்தால், வாசிக்க என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. ஒருவர் தம் குடும்பக் கோயிலின் திருவிழா அறிக்கையைக் கொண்டுவந்திருந்தார். கோப்பைத் திறந்தால், தமிழ்க் குரல் ஆங்கில எழுத்துகளையும் குறியீடுகளையும் தாறுமாறாகக் கொட்டியது. திரையில் பார்ப்பவருக்கு அழகான தமிழ். அடியில் இருப்பதோ பழைய எழுத்துருவுக்காக ஆங்கில எழுத்துகளின் இடத்தில் ஒளித்துவைத்த தமிழ். கண்ணுக்கு எழுத்துருவே போதும், காதுக்கு உள்ளிருக்கும் குறியீடு சரியாக இருக்க வேண்டும். யூனிகோடில் தமிழ் 1991-இலேயே இடம்பெற்றுவிட்டது. 2001-இல் தமிழ் இணைய மாநாட்டையே நடத்திய நகரம் இது. அப்படியிருந்தும் கோயில், சங்கம், திருமண அழைப்பு எல்லாவற்றிலும் பழைய எழுத்துருக்களே கோலோச்சுகின்றன. அச்சகத்தாரிடம் இருப்பது அதுதான், வாடிக்கையாளர் கேட்பதில்லை. யூனிகோடில் வடிவமைத்த பிடிஎஃப் கோப்புகளும் தப்புவதில்லை. ‘கோயில்’ என்று எழுதினால் கொம்பும், க-வும், காலும் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் தனித்தனியே கோப்பில் பதிந்துவிடுவதால், குரல் அவற்றை உதிரி உறுப்புகளாக வாசிக்கிறது. பழைய குறியீட்டை மாற்றும் கருவிகளை அங்கே சொல்லிக்கொடுக்கிறார்கள், படமாக உள்ள பக்கத்தை எழுத்தாக மாற்றும் வழியையும் காட்டுகிறார்கள். இவையெல்லாம் நோய்க்கு மருந்து. கோயில் செயலாளர்களையும் அச்சகத்தாரையும் ஒரு சனிக்கிழமை அழைத்துவந்து, அவர்களுடைய அறிக்கையை அவர்கள் காதாலேயே கேட்க வைக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். ஏற்பாட்டாளர்கள் தலையாட்டியதாகச் சொன்னார்கள். தலையாட்டல் எனக்குத் தெரியாதே, நடந்தால்தான் நம்புவேன்.

தமிழ்த் தரப்பின் உண்மையான குறை ஆள்பற்றாக்குறை. சொல்லித்தருபவர்களில் தமிழில் விளக்கக்கூடியவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் உள்ளனர். அவர்கள் வராத மாதத்தில் எல்லாம் ஆங்கிலத்திலும் மலாயிலும் நடக்கிறது. தோட்டத்திலிருந்து நகரத்துக்கு வந்த மூத்தவர்கள் மரியாதைக்காகத் தலையசைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். வாட்ஸ்அப் குழுவிலும் ஒரு தொல்லை உண்டு. நம்மவர்கள் தமிழை ரோமன் எழுத்தில் எழுதி, நடுவே மலாயையும் கலந்து அனுப்புகிறார்கள். ஆங்கிலக் குரல் அதைக் கடித்துக் குதறுகிறது, தமிழ்க் குரலும் அதை ஆங்கிலமாகவே எண்ணிக்கொள்கிறது. தமிழில் எழுதுவோர் தமிழ் எழுத்தில் எழுதுங்கள், இயலாவிட்டால் குரல் செய்தி அனுப்புங்கள் என்று குழு விதியில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

கைப்பேசிக்கு ஒதுக்கியிருப்பது ஒரு மூலை. கணினியே இல்லாமல் கைப்பேசித் திரைவாசிப்பான்களான டாக்பேக்கையோ வாய்ஸ்ஓவரையோ வைத்துக் காலம் தள்ளுபவர்கள்தாம் எண்ணிக்கையில் அதிகம் என்ற நிலையில், இது போதாது. ஆயினும் அந்த மூலையில் கிடைத்த ஒரு குறிப்பு எனக்கு அன்றாடம் உதவுகிறது. கடையில் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியீட்டைக் கேமராவால் குறிபார்த்துப் பிடிப்பது நமக்குப் பெரும்பாடு. அதற்குப் பதிலாக நம் செயலியில் நம்முடைய குறியீட்டைத் திறந்து, காசாளரை வருடிக்கொள்ளச் சொல்லலாம், அந்த வசதியுள்ள கடைகளில் வேலை நொடியில் முடியும். பொத்தான்களுக்குப் பெயர் சூட்டாத ஒரு பணப்பைச் செயலியைப் பற்றி அங்கே நடந்த விவாதமும் பயனுள்ளதாக இருந்தது. கடவுச்சொல் எண்களை அழுத்தும் இடத்தில் அந்தச் செயலி எல்லாவற்றையும் ‘பொத்தான், பொத்தான்’ என்றே சொல்கிறது. 2008-ஆம் ஆண்டின் உடற்குறையுடையோர் சட்டம் தகவலையும் தொழில்நுட்பத்தையும் அணுகும் உரிமையைப் பேசுகிறது என்பதை ஒருவர் எடுத்துச்சொன்னார். சட்டத்தை மேற்கோள் காட்டிப் புகார் எழுதுவதைக் காட்டிலும், எந்தத் திரையில், எந்தப் பதிப்பில், எந்தப் பொத்தான் பேசவில்லை என்று துல்லியமாக எழுதினால்தான் நிரலாளர் திருத்துவார் என்று இன்னொருவர் சொன்னார். இருவரும் சேர்ந்தே ஒரு கடிதம் எழுதி அனுப்பினார்கள். செயலி இன்னும் ‘பொத்தான்’ என்றுதான் சொல்கிறது.

உணவைப் பற்றி இரண்டு வரி. நாசி லெமாக், மீ கோரெங் பொட்டலங்கள். ஒரு ரப்பர் வளையம் போட்டது அசைவம், இரண்டு போட்டது சைவம். யாரையும் கேட்காமல் விரலால் தடவிப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். இந்த ஏற்பாட்டை யோசித்தவருக்கு என் வணக்கம். சம்பாலில் காரம் மிகுதி என்பது தனி வழக்கு.

சொல்லாமல் விடக்கூடாத மற்ற குறைகளும் சில உள்ளன. 2012-இல் தொடங்கிய உலக அணுகல் விழிப்புணர்வு நாள் இப்போது ஆண்டுதோறும் மே மாதத்தின் மூன்றாவது வியாழக்கிழமையில் கடைப்பிடிக்கப்படுகிறது. அதையொட்டி நடத்திய சந்திப்பு மட்டும் பழைய பாணிக்குத் திரும்பிவிட்டது: நன்கொடையாளர் உரை, அதற்கு நன்றியுரை, பிறகு படமெடுத்தல். மடிக்கணினிகள் அன்று பையைவிட்டு வெளியே வரவேயில்லை. பெண்கள் குறைவாகவே வருகிறார்கள்; சந்திப்பு மாலை ஆறு மணியைத் தாண்டி நீள்வதும், மாடிப்படியின் விளக்கைப் பற்றி யாரும் கவலைப்படாததும் அதற்குக் காரணங்கள் என்று அவர்களே சொல்கிறார்கள். நமக்கு விளக்கு வேண்டாம் என்பது சரி. மங்கலான பார்வை மிச்சமிருப்பவர்களுக்கும், நம்மை அழைத்துப்போக வரும் வீட்டாருக்கும் வேண்டும். மின்தூக்கி இல்லை என்பதால் சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கு இந்த மண்டபம் எட்டாக்கனிதான். ஏற்பாட்டாளர்கள் தரைத்தள இடம் தேடுவதாகச் சொல்லி நெடுங்காலமாகிறது.

பினாங்கில் இதே போன்ற ஒன்றைத் தொடங்க எண்ணும் நண்பர்கள் இங்கே ஒருமுறை வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். 1926-இல் தொடங்கிய, பார்வையற்றோருக்கான செயின்ட் நிக்கோலஸ் இல்லம் இருக்கும் தீவு என்பதால் அங்கே ஆட்களுக்குக் குறைவிருக்காது. ஜார்ஜ்டவுன் கடைவீடுகளின் ஐந்தடி நடைபாதைகளோ கடைக்குக் கடை உயரம் மாறுபவை, தூண்களும் நிறுத்திவைத்த மோட்டார் சைக்கிள்களும் நிறைந்தவை. ஆகவே மண்டபத்தைப் பார்ப்பதற்கு முன்பு, கொம்தாரில் பேருந்தைவிட்டு இறங்கியவர் கோலுடன் தனியாக அங்கே வந்துசேர முடியுமா என்று நடந்து பாருங்கள் என்றேன். மற்றபடி ரப்பர் வளையம், ஒலி பிரிக்கும் கம்பி, விசைப்பலகை விதி மூன்றையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

கட்டணம் இல்லை, உணவுக்கு மட்டும் ஐந்து ரிங்கிட், அதையும் இயலாதவர்களிடம் கேட்பதில்லை. கணினி இல்லாதவர்கள் முன்கூட்டியே சொன்னால் இரவல் கணினி ஒன்றை ஒதுக்கிவைப்பார்கள். முற்றிலும் புதியவர்கள், அண்மையில் பார்வை இழந்தவர்கள், தமிழில் எழுதப் பழக விரும்புகிறவர்கள் மூவருக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். நிரலெழுதுவோர், எக்செல்லில் ஆழ்ந்து வேலை செய்வோர் ஆகியோருக்கு இப்போதைக்கு அங்கே பாடம் குறைவு. அவர்கள் கற்றுக்கொடுக்க வரலாம், குறிப்பாகத் தமிழில் பேசக்கூடியவர்கள். வரும்போது கம்பி உள்ள காதொலிப்பானைக் கொண்டுவாருங்கள். ப்ளூடூத் வகையில் குரல் சற்றுப் பிந்தி வரும், விரைவாகத் தட்டச்சு செய்யும்போது அந்தத் தாமதம் எரிச்சலூட்டும். சைவம் என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள், இரண்டு வளையப் பொட்டலங்கள்தாம் முதலில் தீர்ந்துபோகின்றன.